கணையம் கெட்டு வரும் நீரிழிவு: பட்டினி கிடக்காதீர்கள்

அந்த அண்ணன் என் அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அவருடைய பெல்ட். ஆணியால் புதிதாகக் குத்திய மூன்று ஓட்டைகள். 68 கிலோ இருந்தவர் ஒன்றரை வருடத்தில் 55 கிலோவுக்கு வந்திருந்தார். பக்கத்தில் மனைவி. அவர் மடியிலிருந்த பையில் ஒரு போத்தல் நிறையப் பாகற்காய்ச் சாறு. வீட்டில் எண்ணெய் கிடையாது, தேங்காய் கிடையாது, சோறு ஒரு கரண்டி. மற்றபடி கேழ்வரகுக் கூழ், கீரை, அவித்த காய்கறி. "இனிப்புநீருக்கு என்னென்ன சொன்னாங்களோ அத்தனையும் செய்றேன் மிஸ். சீனியும் இறங்க மாட்டேங்குது, மனுஷனும் கரைஞ்சுகிட்டே போறாரு" என்று சொல்லும்போதே அந்த அக்காவுக்குக் குரல் உடைந்துவிட்டது.

அவர் செய்தது எதுவும் சோம்பலாலோ அலட்சியத்தாலோ வந்த தவறு இல்லை. வேறொரு நோய்க்கான பத்தியத்தை அப்படியே கடைப்பிடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். உணவியல் நிபுணராக இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன். (ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்த அண்ணனுக்கு மூன்று வருடங்களுக்கு முன்னால் பித்தப்பைக் கல்லால் கடுமையான கணைய அழற்சி வந்து, கணையத்தின் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகுதான் நீரிழிவு வந்தது. மருத்துவத்தில் இதை டைப் 3சி என்பார்கள். நாள்பட்ட கணைய அழற்சி, கணையத்தை வெட்டியெடுக்கும் அறுவைச் சிகிச்சை, கணையப் புற்றுநோய், இரும்புச்சத்து உடம்பில் தேங்கும் நோய் ஆகியவற்றாலும் இது வரும். நம் ஊர்ப்பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு வகையும் உண்டு. சின்ன வயதிலேயே கணையத்தில் கல் உருவாகி, பிறகு நீரிழிவாக மாறும் வெப்பமண்டலக் கணைய நோய் அது. 1959ல் இந்தோனேசியாவில் சூய்டெமா என்ற மருத்துவர் இதை விவரித்தார். பின்னர் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நிறையப் பேரிடம் கண்டறியப்பட்டது.

கணையத்துக்கு இரண்டு வேலை. ஒன்று, இன்சுலின் சுரப்பது. இது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று, சாப்பாட்டைச் செரிக்கும் நொதிகளைச் சுரப்பது. கொழுப்புக்கு லிப்பேஸ், மாவுச்சத்துக்கு அமைலேஸ், புரதத்துக்கு புரோட்டியேஸ். வழக்கமான டைப் 2 நீரிழிவில் இந்த இரண்டாவது வேலை பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கும். கணையமே கெட்டுப்போனால் இரண்டும் நின்றுபோகலாம். அப்போது சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. ரத்தத்தில் சீனி ஏறியிருக்கும், உடம்போ பட்டினி கிடக்கும்.

2017ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், கணைய நோய்க்குப் பிறகு நீரிழிவு வந்தவர்களில் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேருக்கு டைப் 2 என்றே பெயர் எழுதப்பட்டிருந்தது. பெயர் மாறினால் பத்தியமும் மாறிப்போகும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. சிங்கப்பூர் 2016ல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்ததிலிருந்து நாம் எல்லாரும் கேட்டுப் பழகிய அறிவுரைகள் உண்டு: தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்வாசி முழுதானியம், கால்வாசி புரதம், எண்ணெயைக் குறை, எடையைக் குறை. பெரும்பாலானோருக்கு மிக நல்ல அறிவுரைதான். கணையம் கெட்டு 13 கிலோ இழந்த மனிதருக்கு இதே தட்டைக் கொடுத்தால் இன்னும் இளைப்பார்.

நான் அந்த அண்ணனிடம் கேட்ட முதல் கேள்வி சீனியைப் பற்றியது இல்லை. "அண்ணே, டாய்லெட் போனா எப்படி இருக்கு? எண்ணெய் மாதிரி மிதக்குதா?"

அவர் தரையைப் பார்த்தார். அக்காதான் பதில் சொன்னார். "மூணு தடவை ஃப்ளஷ் பண்ணாலும் போகாது மிஸ். வெளிர் நிறமா இருக்கும். நாத்தம் தாங்காது. வீட்டுல ஒரே ஒரு டாய்லெட், பிள்ளைங்க வேற முகம் சுளிக்குதுங்க. கூழ் ஒத்துக்கலையோன்னு நெனச்சேன்."

இத்தனை நாளாக இதை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. வெட்கப்பட்டு அவர்களும் சொன்னதில்லை. தயவுசெய்து வெட்கப்படாதீர்கள். செரிக்காத கொழுப்பு அப்படியே வெளியேறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வீட்டில் கிடைக்காது. ஆனால், எண்ணெயை அறவே நிறுத்தியவர்களுக்கு இந்த அறிகுறி மறைந்தும் இருக்கலாம். மலத்தில் எலாஸ்டேஸ் அளவைப் பார்க்கும் ஓர் எளிய பரிசோதனை உண்டு. ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நொதிக் குறைபாடு இருக்கக்கூடும் என்று சந்தேகிப்போம். மருத்துவரிடம் நீங்களே இதைப் பற்றிக் கேட்கலாம்.

கேட்டுக்கொண்டே போனதில் இன்னொன்று தெரிந்தது. அவருக்கு நொதிக் காப்சூல் ஏற்கெனவே எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தது. சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்து, மற்ற மாத்திரைகளோடு சேர்த்து, சூடான கோப்பியோடு விழுங்கிக்கொண்டிருந்தார். பகல் வேளைக்கான போத்தல் மோட்டார்சைக்கிள் பெட்டியில். அவர் வேலை செய்யும் கிடங்கு துவாஸில். வண்டி நாள் முழுக்க வெயிலில் நிற்கும்.

இந்தக் காப்சூலுக்குள் சின்னச் சின்ன மணிகளாக இருப்பது நொதி, அதாவது புரதம். சூடு பட்டால் கெட்டுவிடும். 25 டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது. நம் ஊரில் பகலில் வெளியே 31, 32 டிகிரி என்றால், வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் சின்ன டப்பாவில் போட்டு குளிர்சாதன அறையிலுள்ள லாக்கரில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மென்று தின்னக்கூடாது. குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் விழுங்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். முதல் வாய் எடுக்கும்போது ஒன்று, இரண்டு என்றால் மற்றது பாதித் தட்டில். சோறு முன்னால் போய்விட்டால் காப்சூல் பின்னால் ஓடிப் பிடிக்க முடியாது.

பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு முழு வேளைக்கு 40,000 முதல் 50,000 லிப்பேஸ் யூனிட், பலகாரத்துக்கு அதில் பாதி என்று தொடங்குவார்கள். உங்கள் அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்வார். பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங்குக்கோ ஒரு துண்டு பப்பாளிக்கோ காப்சூல் வேண்டாம். ஒரு குவளை தே தாரேக், மைலோ என்றால் பால் இருப்பதால் வேண்டும். ஒரு பிராட்டாவைக் கோழிக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டாலும் வேண்டும்.

காப்சூல் ஒழுங்காகப் போனால் எண்ணெயை ஒதுக்கத் தேவையில்லை. கணைய நோய் என்றாலே கொழுப்பே கூடாது என்று ஒரு காலத்தில் சொல்லிவந்தார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. அளவான எண்ணெயில் தாளித்த குழம்பு, மீன், முட்டை, தயிர் எல்லாம் தட்டுக்குத் திரும்பி வர வேண்டும். கொழுப்பை நிறுத்தினால் அதோடு சேர்ந்து உடம்புக்குள் போகும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் குறையும். எலும்பு தேயும். இரவில் மங்கலாகத் தெரிகிறது என்று கண்ணாடி மாற்றிக்கொண்டே இருந்த ஒருவருக்கு, கடைசியில் வைட்டமின் ஏ குறைவு என்று தெரியவந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நார்ச்சத்து பற்றி ஒரு வார்த்தை, என் சொந்தத் தவற்றிலிருந்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே மாதிரி ஓர் அம்மாவுக்கு ஓட்ஸ், சிவப்பரிசி, நிறையக் கீரை என்று எழுதிக்கொடுத்து அனுப்பினேன். அடுத்த முறை வரும்போது இன்னும் மூன்று கிலோ குறைந்திருந்தார். அதிக நார் வயிற்றை நிரப்பி, தெம்பு தரும் சாப்பாட்டுக்கு இடம் இல்லாமல் செய்துவிடும். நொதியின் வேலையையும் தடுக்கும். அந்த அம்மாவின் மெலிந்த மணிக்கட்டு இன்னும் என் நினைவில் இருக்கிறது. கீரையே வேண்டாம் என்று சொல்லவில்லை. எடை குறைந்துகொண்டிருக்கும்வரை வெள்ளைச் சோறு, இட்லி, தோசையை அளவோடு வைத்துக்கொண்டு, முட்டை, மீன், பருப்பு முதலில், காய்கறி அதற்குப் பிறகு. மூன்று பெரிய வேளைக்குப் பதில் ஐந்தாறு சின்ன வேளை. பாகற்காய்ச் சாற்றை நிறுத்தச் சொன்னேன். அக்காவுக்கு அது மட்டும் மனசே வரவில்லை.

இதில் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காப்சூல் வேலை செய்யத் தொடங்கியதும் சாப்பாடு உடம்பில் ஒட்டும், ரத்தச் சீனியும் ஏறும். பயந்து காப்சூலை நிறுத்திவிடாதீர்கள். இன்சுலின் அளவை மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். உடனே மருத்துவரையோ நீரிழிவுத் தாதியையோ கூப்பிடுங்கள்.

சீனி திடீரென்று இறங்குவதுதான் இந்த நோயில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. சீனி இறங்கினால் ஈரலிலிருந்து சீனியை வெளியே விடச் சொல்லும் குளுக்ககான் என்ற ஹார்மோனும் கணையத்தில்தான் சுரக்கிறது. அதுவும் குறைந்துபோனவருக்கு, வண்டியில் பிரேக் இல்லாத நிலைமை. ரத்தச் சீனி 4.0 mmol/Lக்குக் கீழே போனால் 15 கிராம் சீனி எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். (ஊரிலிருந்து மச்சான் போனில் "எனக்கு 180" என்று சொன்னால் குழம்ப வேண்டாம். அங்கே வேறு அலகு. 18ஆல் வகுத்தால் நம் கணக்கில் 10.)

அந்த 15 கிராமை எதில் எடுப்பது? ரொட்டி, பிஸ்கட் வேண்டாம். மாவுச்சத்தை உடைக்க நொதி வேண்டும், அதுதான் உங்களிடம் குறைவு. சாக்லேட்டில் உள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். குளுக்கோஸ் மாத்திரை, இல்லையென்றால் மூன்று டீஸ்பூன் சீனி கரைத்த தண்ணீர். டின் பானம் என்றால் கவனமாக இருங்கள். 2022 கடைசியில், பானங்களைச் சீனி, கொழுப்பு அளவை வைத்துத் தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேட் முறை வந்தபிறகு கடைகளில் சீனி குறைத்த பானங்கள் பெருகிவிட்டன. மற்ற நாட்களில் அது நல்லது. கை நடுங்கும் நேரத்தில் சீனி மிகக் குறைந்த ஏ கிரேட் பானத்தைக் குடித்தால் சீனி ஏறாது. டின்னின் பின்பக்கத்தில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சீனி என்று போட்டிருக்கும். வீட்டில் நிதானமாக இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார்சைக்கிள் எடுப்பதற்கு முன்னால் விரலைக் குத்திப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம் என்று அந்த அண்ணனிடம் கெஞ்சியே கேட்டுக்கொண்டேன். விரதம், நோன்பு இருப்பதாக இருந்தால், தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள்.

மது அறவே கூடாது. மிச்சமிருக்கும் கணையத்தையும் அழிக்கும், சீனியையும் ஆபத்தாக இறக்கும். புகையும் அப்படியே, கணையத்துக்கு எதிரி. ஆனால் கணைய நோய் என்றதும் "குடிச்சிருப்பான்" என்று முடிவுகட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அது பல குடும்பங்களை வாயடைக்க வைக்கிறது. அந்த அண்ணன் வாழ்நாளில் ஒரு பியர்கூடத் தொட்டதில்லை. சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விகளாலேயே அக்கா எந்த விசேஷத்துக்கும் போவதை நிறுத்தியிருந்தார்.

இன்னொரு கடினமான பேச்சும் உண்டு. இந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. முஸ்லிம் குடும்பங்களுக்கும் சைவம் சாப்பிடுபவர்களுக்கும் இதை நான் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பிறகு பெட்டியில் படித்துத் தெரிந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டு எலும்பும் தோலுமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனதில் தயக்கம் இருந்தால் மருத்துவரிடமும், உங்கள் பள்ளிவாசல் இமாமிடமோ முயிஸ் எனும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்திடமோ கேளுங்கள். நிறுத்துவதற்கு முன்னால் கேளுங்கள்.

60 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நீரிழிவு வந்து, கூடவே காரணமில்லாமல் எடையும் குறைந்தால், "சீனி வந்துட்டா இளைக்கத்தானே செய்யும்" என்று விட்டுவிட வேண்டாம். கணையத்தை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் அந்த வாரமே கேளுங்கள். கணையப் புற்றுநோய் சிலருக்கு இப்படித்தான் தலைகாட்டும்.

என்னைப் போன்றவர்களைப் பார்க்க வரும்போது மூன்று நாள் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தால் பெரிய உதவி: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை காப்சூல், சீனி எவ்வளவு, டாய்லெட் எப்படி. அந்த அக்கா பிள்ளையின் பழைய பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார். நாலு மாதத்தில் அண்ணனின் எடை 59க்கு வந்திருக்கிறது. போன தடவை நோட்டைத் திறந்தபோது கடைசி வரி இப்படி இருந்தது: "செவ்வாய் ராத்திரி. தோசை 3, தேங்காய்ச் சட்னி, மீன் குழம்பு. காப்சூல் 2. சீனி 8.4. டாய்லெட் ஒரே ஃப்ளஷ்."