ஸ்கேன் படத்தில் வலி தெரியாது

ஆட்டோவிலிருந்து இறங்கி என் அறைக்குள் வர எட்டு அடிதான் நடக்க வேண்டும். அந்த எட்டு அடியையும் அந்த அம்மா, தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடப்பவரைப்போல நடந்து வந்தார். மூச்சைக்கூட முழுதாக விடவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஸ்கேன் உறையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பேசியது மகள்தான். "முதுகெலும்பு தேய்ந்துபோய்விட்டதாம், மேடம். குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது. மீறினால் படுத்த படுக்கைதான் என்று சொல்லிவிட்டார்கள்."

46 வயது. முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். பதினாறு வயதிலிருந்து பீடி சுற்றுகிறவர். ஏழு மாதமாகப் பீடி சுற்றும் சொளகை (முறத்தை) மடியில் வைக்கவில்லை. "குடிக்கிற தண்ணீரைக்கூட மருமகள்தான் பிடித்து வைக்கிறாள்" என்று அவர் முதன்முறையாக வாய் திறந்தபோது கண் கலங்கியது. வலியைச் சொன்னபோது கலங்காத கண், இதைச் சொன்னபோது கலங்கியதைக் குறித்துக்கொண்டேன். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

நான் பாளையங்கோட்டையில் 17 ஆண்டுகளாகப் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் அதிகம் பேர் குறுக்கு வலிக்காரர்கள். முதுகின் அடிப்பகுதியை எங்கள் பக்கம் குறுக்கு என்றுதான் சொல்வோம். இந்த அம்மாவைப்போல ஸ்கேன் உறையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறார்கள். வலியோடு வருகிறவரைவிட, வலியோடு பயத்தையும் சேர்த்துச் சுமந்து வருகிறவரை நடக்கவைப்பது பல மடங்கு கடினம். அந்தப் பயம் பெரும்பாலும் யாரோ சொன்ன ஒரு சொல்லிலிருந்து வந்திருக்கும்.

உறையைப் பிரித்தேன். நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவில் வட்டு சற்றுப் பிதுங்கியிருக்கிறது, தேய்மான மாற்றங்கள் இருக்கின்றன என்று எழுதியிருந்தது. நரம்பு அழுந்தியதாக ஒரு வரியும் இல்லை. கால்களில் பலத்தையும் உணர்ச்சியையும் சோதித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன.

முள்ளெலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டு, நீர் ஊறிய மெத்தை மாதிரி. வயது ஏற ஏற அதில் நீர் குறையும், உயரம் குறையும், ஓரம் கொஞ்சம் பிதுங்கும். தலை நரைப்பதைப்போல இதுவும் நடக்கும். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை 33 ஆய்வுகளிலிருந்து திரட்டி 2015-இல் ஒரு தொகுப்பு வெளியானது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானம் இருந்தது. நாற்பது வயதில் 68 சதவீதம். எண்பது வயதில் 96 சதவீதம். வட்டுப் பிதுக்கம் நாற்பது வயதில் சரிபாதிப் பேருக்கு இருந்தது. இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த அம்மாவுடைய ரிப்போர்ட்டையும், பக்கத்து வீட்டில் நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற அவர் வயதுப் பெண்ணின் ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்தால், எது யாருடையது என்று சொல்ல எனக்குத் தெரியாது.

"அப்படியென்றால் எனக்கு வலியே இல்லை என்கிறீர்களா? மனசில்தான் எல்லாம் என்கிறீர்களா?" அவர் குரலில் கோபம் இருந்தது. நியாயமான கோபம். வீட்டில் ஏற்கெனவே யாரோ அப்படிக் குத்திக் காட்டியிருக்கிறார்கள் என்று புரிந்தது. "உங்கள் வலி முழுக்க உண்மை. அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் வலி உண்மை என்பது வேறு, எலும்பு உடையப்போகிறது என்பது வேறு" என்றேன்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும் ஒரு சம்பவம் 1995-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலிருந்து குதித்தபோது 15 சென்டிமீட்டர் ஆணி ஒன்று அவருடைய பூட்ஸைத் துளைத்து மேலே வந்துவிட்டது. ஆணி இம்மி அசைந்தாலும் துடித்தார். மயக்க மருந்து கொடுத்துத்தான் ஆணியை எடுக்க முடிந்தது. பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால் காலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆணி விரல்களின் இடுக்கு வழியாகப் போயிருந்தது.

அவர் நடிக்கவில்லை. நம் தோலிலும் தசையிலும் மூட்டிலும் இருக்கும் நரம்பு முனைகள் மூளைக்கு வலியை அனுப்புவதில்லை. "இங்கே ஏதோ நடக்கிறது" என்ற செய்தியைத்தான் அனுப்புகின்றன. மூளை அந்தச் செய்தியை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. கண் என்ன பார்த்தது, காது என்ன கேட்டது, முன்பு இப்படி நடந்தபோது என்ன ஆயிற்று, இப்போது மனம் எந்த நிலையில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, உடம்புக்கு ஆபத்து என்று தோன்றினால் வலியை உண்டாக்குகிறது. நாம் அறியாமலே கண்ணிமைக்கும் நேரத்தில் இது நடந்துவிடும். அந்தத் தொழிலாளியின் கண், பூட்ஸைத் துளைத்து நிற்கும் ஆணியைப் பார்த்தது. மூளைக்கு அது போதுமானதாக இருந்தது. வலி என்பது உடலுணர்வும் மன உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்று உலக வலி ஆராய்ச்சிச் சங்கம் 1979-இலேயே வரையறுத்துவிட்டது. 2020-இல் அதைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்றால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்த்தார்கள்.

வெளிநாட்டுச் சான்றுக்குக்கூடப் போக வேண்டாம். எங்கள் சீமையில் கொடை என்னும் கோயில் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மூட்டு வலிக்காக என்னிடம் வந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் சுடலைமாடன் கோயில் சாமியாடி. வீட்டு வாசலில் மூன்று படி ஏற முடியாது அவருக்கு. கொடை நாள் இரவில் வில்லுப்பாட்டுக்காரர் கதையின் உச்சத்துக்கு வந்து, குடத்தின் அடியும் மகுடம் என்ற தோல்கருவியின் அடியும் ஏறியபோது, அவர் மேல் சாமி வந்தது. நள்ளிரவில் வேட்டைக்குச் சுடுகாடுவரை ஓடிப் போய்த் திரும்பினார். முழங்கால் வலித்ததா என்று கேட்டேன். "முழங்கால் இருந்ததே தெரியாது, டாக்டரம்மா" என்றார். இரண்டு நாள் கழித்துப் பழைய வலி திரும்பியது. அவருடைய மகனோ, "அன்றைக்கு அந்த ஓட்டம் ஓடினாரே, இப்போது நடிக்கிறார்" என்று என்னிடமே வந்து சொன்னார். மகனை உட்காரவைத்து நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. கொடையன்று வலி இல்லாததும் உண்மை, இன்று வலி இருப்பதும் உண்மை. மூட்டு அதே மூட்டுதான். மாறியது அந்த நேரத்தில் பெரியவரின் மனம் இருந்த இடம்.

இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலிப் போர்முனையில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் இதையே வேறு விதமாகக் கண்டார். படுகாயம் அடைந்த வீரர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர், கேட்டபோதும் வலி மருந்து வேண்டாம் என்றார்கள். அதே அளவு காயத்தோடு வரும் சாதாரண மக்கள் துடித்துப்போவார்கள். வீரர்களுக்கு அந்தக் காயம், போரிலிருந்து உயிரோடு வெளியேறக் கிடைத்த அனுமதி என்று 1946-இல் அவர் எழுதினார். உடம்புக்குள்ளேயே அபினைப் போன்ற பொருள்கள் சுரந்து வலியை அடக்குகின்றன என்பது பின்னால் தெரியவந்தது. 1978-இல் நடந்த ஒரு சோதனையில், பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி தந்த நிவாரணம், அபின் வகை மருந்துகளை முறிக்கும் நலாக்ஸோனைக் கொடுத்ததும் குறைந்தது. நம்பிக்கை உடம்பில் ஒரு ரசாயனமாகச் சுரக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

நம்பிக்கைக்கு இந்தச் சக்தி இருந்தால் பயத்துக்கும் இருக்கத்தானே செய்யும்? 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மைனஸ் 20 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்ட உலோகத்தைச் சிலருடைய புறங்கையில் வைத்தார்கள். சில முறை சிவப்பு விளக்கு எரிந்தது, சில முறை நீல விளக்கு. அதே உலோகம், அதே குளிர். சிவப்பு எரிந்தபோது வலி கூடுதலாக இருந்தது. சிவப்பு என்றால் சூடு, சூடு என்றால் புண் என்று மூளை வாழ்நாளெல்லாம் படித்து வைத்திருக்கிறது.

"தேய்ந்துவிட்டது", "சவ்வு விலகிவிட்டது", "நரம்பு நசுங்கிவிட்டது", "இனி அவ்வளவுதான்" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் இப்படி ஒரு சிவப்பு விளக்குதான். விளக்காவது அணைந்துவிடும். சொல் அணையாது. குனியும்போதெல்லாம் எரியும். அந்த அம்மா ஏழு மாதமாகக் குறுக்கை அசைக்காமல் இறுக்கிப் பிடித்திருந்தார். இறுகிய தசை வலிக்கும். வேலை இல்லாத தசை பலம் இழக்கும். பலம் இழந்த தசை சின்ன வேலைக்கும் வலிக்கும். "பார்த்தாயா, சொன்னபடியே ஆகிறது" என்று பயம் இன்னும் கெட்டிப்படும். திருடன் வந்துபோன வீட்டு நாய், பனை ஓலை விழுந்தாலும் குரைக்கும் அல்லவா? மாதக்கணக்கில் நீடித்த வலியில் நரம்பு மண்டலமும் அப்படித்தான் ஆகிவிடுகிறது.

இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அவருடைய முழங்கால் எக்ஸ்ரேயைக் காட்டி, "எலும்போடு எலும்பு உரசுகிறது, ஐயா" என்று விளக்கினேன். நன்றாகப் புரியவைத்துவிட்டதாக எனக்குப் பெருமை. தினமும் விடியற்காலையில் குறுக்குத்துறைக்கு நடந்துபோய்த் தாமிரபரணியில் குளித்துவந்தவர் அவர். மறுநாளிலிருந்து நிறுத்திவிட்டார். ஒவ்வொரு அடிக்கும் எலும்பு உரசுவது காதில் கேட்பதுபோல இருக்கிறது என்று சில மாதம் கழித்துச் சொன்னார். நடை நின்றதால் உடல் எடை கூடியது, தூக்கம் கெட்டது, வலி இரண்டு மடங்கானது. எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அந்த ஒரு வாக்கியத்தை என்னால் அவரிடமிருந்து திரும்ப வாங்க முடியவில்லை. இன்றும் குறுக்குத்துறைப் படித்துறையைப் பார்த்தால் அவர் நினைவுதான் வரும்.

ஆகவே முக்கூடல் அம்மாவிடம் முதலில் உடற்பயிற்சி எதுவும் சொல்லவில்லை. வீட்டு நாள்காட்டியில் தினமும் இரவு வலிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் எழுதச் சொன்னேன். மூன்று வாரத் தாள்களைக் கிழிக்காமல் கொண்டுவந்தார். செவ்வாய்க்கிழமைகளில் எல்லாம் எட்டும் ஒன்பதுமாக இருந்தது. "செவ்வாய் என்ன வேலை, அக்கா?" என்றேன். யோசித்தார். "குழுக் கடனுக்குத் தவணை கட்டுகிற நாள்." திருப்பூரில் இருக்கும் மகன் பேசிய நாள்களில் மூன்று, நான்கு. அவரே தாள்களை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். வட்டு செவ்வாய்க்கிழமைதோறும் பிதுங்கி, மகன் போனில் கூப்பிட்டதும் உள்ளே போகாது என்பதை நான் சொல்லத் தேவைப்படவில்லை.

பிறகுதான் வேலை தொடங்கியது. என் அறையில் ஒரு பிளாஸ்டிக் குடம் இருக்கிறது. முதல் நாள் வெறுங்குடம். அடுத்த முறை இரண்டு செம்புத் தண்ணீர். வாரத்துக்கு வாரம் செம்பு கூடியது. தூக்கும்போது மூச்சைப் பிடிக்காமல் என்னோடு பேசிக்கொண்டே தூக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. வீட்டில் சொளகை மறுபடியும் எடுக்கச் சொன்னேன். இரண்டு கட்டு முடிந்ததும் எழுந்து வாசல்வரை போய்வர வேண்டும். வலி வரத்தான் செய்தது. வந்தால் பயப்படாமல் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், நிறுத்த வேண்டாம் என்று மகளுக்கும் மருமகளுக்கும் சேர்த்துச் சொன்னேன். "பார்த்து, பார்த்து, குனியாதீர்கள்" என்று வீட்டார் அன்போடு சொல்வதுகூட அந்தச் சிவப்பு விளக்கில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

எல்லாக் குறுக்கு வலியையும் இப்படிப் பார்க்கலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனால், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், தொடையிடுக்கும் உட்காரும் இடமும் மரத்துப்போனால், கால்கள் பலம் இழந்துகொண்டே வந்தால், பாதம் தூக்க முடியாமல் தொங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஒரு நாள் தாமதமும் நிரந்தரப் பாதிப்பைத் தரலாம். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் வந்திருத்தல், விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, படுத்தாலும் தணியாமல் இரவில் கூடும் வலி ஆகியவற்றையும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஸ்கேன் இவர்களுக்குத்தான் உண்மையில் தேவை.

எட்டாவது வாரம் குடம் நிறைந்துவிட்டது. அந்த அம்மா சேலையைச் செருகிக்கொண்டு, முழங்காலை மடக்கி, தரையிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்தார். வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. "கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது, இருக்கட்டும்" என்று அவரே சொன்னார். குடத்தோடு நின்றபடியே சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணீரை எங்கே ஊற்றட்டும்?" என்று கேட்டார். வாசலில் இருந்த முருங்கைக் கன்றைக் காட்டினேன்.