ஏ.எல் முடிச்ச திருமலைப் பிள்ளையளுக்கு: மகாபொல, நிதியுதவி, வட்டியில்லாக் கடன் எப்பிடி எடுக்கிறது

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்த உடன வீட்டில முதல் கேக்கிற கேள்வி எந்த கம்பஸ் கிடைக்கும் எண்டது. ரெண்டாவது கேள்வியை அம்மா அப்பா பிள்ளைக்குக் கேக்காமத்தான் கதைப்பினம், காசுக்கு என்ன செய்யப் போறம் எண்டு. அந்த ரெண்டாவது கேள்விக்குத்தான் இதை எழுதுறன். மூதூர், கிண்ணியா, குச்சவெளி, வெருகல் பக்கம் நல்லாப் படிச்ச பிள்ளையள் கொஞ்சப்பேர் அப்ளிகேஷனே போடாம விட்டிடுதுகள், "எங்களுக்கு சம்பளத்துண்டு இல்லையே, எப்பிடி வருமானம் காட்டுறது" எண்டு நினைச்சு. உண்மையில மகாபொல எண்ட அரச புலமைப்பரிசில், நிதியுதவி எண்டு வாற இந்தக் காசு அப்பிடிப்பட்ட வீடுகளுக்குத்தான் ஒதுக்கி வச்சிருக்கு.

முதல் ஒண்டு தெளிவாச் சொல்லிடுறன். அரச பல்கலைக்கழகத்தில படிப்புக் கட்டணம் எண்டு ஒண்டு இல்ல. ரெஜிஸ்ட்ரேஷனுக்கு, ஹொஸ்டலுக்கு எண்டு சின்னத் தொகையள் கட்ட வேண்டி வரும், ஆனா லெக்சருக்கும் எக்ஸாமுக்கும் லட்சக்கணக்கில கட்டுற வேலை இல்ல. செலவு வாறது சாப்பாடு, தங்குறது, பஸ், போட்டோகொப்பி, ஃபோன் டேட்டா, இப்ப லெப்டொப்பும். மகாபொலயும் நிதியுதவியும் வாறது இந்தச் செலவுக்கு.

இன்னொண்டு, திருகோணமலைப் பிள்ளையளுக்கு உள்ள ஒரு வாய்ப்பு. பெரும்பாலான கோர்ஸுகளுக்கு இடம் குடுக்கிற முறை இதுதான்: 40 வீதம் முழு நாட்டுத் திறமை அடிப்படையில, 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில பின்தங்கின 16 மாவட்டங்களுக்கு. அந்த 16ல திருகோணமலையும் இருக்கு. அதால கொழும்பு மாவட்ட இசட் ஸ்கோர் (கம்பஸ் தெரிவுக்குப் பார்க்கிற ஏ.எல் புள்ளி) கட்டோஃபைப் பார்த்து மனம் உடைஞ்சு யூ.ஜி.சி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) அப்ளிகேஷனை விட வேண்டாம், எங்கட மாவட்டத்து வெட்டுப்புள்ளியைப் பாருங்கோ. யூ.ஜி.சிக்கு போடாட்டி கம்பஸ் இல்ல, கம்பஸ் இல்லாட்டி மகாபொலயும் இல்ல, எல்லாம் ஒண்டில இருந்து ஒண்டு வாறதுதான்.

இப்ப மகாபொலக்கு வருவம். இது 1981ல லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சரா இருக்கேக்க சட்டம் போட்டுத் தொடங்கின நிதியம். லொத்தர் வருமானத்தில ஒரு பங்கும் இதுக்குப் போகுது. ரெண்டு வகை இருக்கு. ஒண்டு திறமைக்குக் குடுக்கிறது, ஏ.எல் பெறுபேறு மிக உயர்வா இருக்கிற ஆக்களுக்கு. மற்றது சாதாரண மகாபொல, கம்பஸுக்குத் தெரிவான பிள்ளையளுக்குள்ள வீட்டு வருமானத்தைப் பார்த்துக் குடுக்கிறது. கன பேருக்கு வாறது இந்த ரெண்டாவதுதான்.

தொகை கன காலமா மாசம் 5000 ரூபாவா இருந்தது, 2025 பட்ஜெட்டில 7500 ஆக் கூட்டினவை. வருஷம் பன்னிரண்டு மாசமும் வராது, பத்து தவணை எண்டு கணக்கு வையுங்கோ. அப்ப 7500 படி வருஷத்துக்கு 75,000, நாலு வருஷ டிகிரிக்கு 3 லட்சம். போடிங்கில நிண்டு படிக்கிற பிள்ளைக்கு மாசச் செலவு முழுக்க இதில போகாது, அது உண்மை. ஆனா கூலி வேலைக்குப் போற ஒரு அப்பாவுக்கு மூண்டு லட்சம் எண்டா என்னெண்டு யோசிச்சுப் பாருங்கோ, ஒரு ஃபோர்ம் நிரப்பாததால அதை விடுறது எனக்கு உண்மையிலயே தாங்க ஏலாத விஷயம்.

மகாபொல கிடைக்காத ஆக்களுக்கு அடுத்தது நிதியுதவி, கம்பஸில பர்சரி எண்டுதான் சொல்லுவினம். இது 4000ல இருந்து 6500 ஆ அதே 2025 பட்ஜெட்டில கூடினது. இதுவும் வருமானத்தைப் பார்த்துத்தான். ரெண்டையும் சேர்த்து ஒரே ஆள் எடுக்க ஏலாது, ஒண்டுதான். "எனக்கு மகாபொல வராது, ஏன் போடுவான்" எண்டு நினைச்சு விட்டா பர்சரியும் சேர்ந்துதான் போகும், அதால கட்டாயம் போடுங்கோ.

எப்ப போடுறது? கம்பஸுக்கு செலெக்ட் ஆன உடன மகாபொல தானா வரும் எண்டு நினைக்கிற பிள்ளையள் நிறைய. வராது. இதுக்கு வேறயா விண்ணப்பிக்க வேணும், செலெக்ஷன் முடிஞ்ச பிறகு யூ.ஜி.சி அறிவிக்கும், கடைசித் திகதியும் போடும். அந்த நேரத்தில எல்லாரும் ரெஜிஸ்ட்ரேஷன், ஹொஸ்டல், சாமான் வாங்கிறது எண்டு ஓடித் திரிவினம், அதுக்குள்ள இது தப்பிடும். யூ.ஜி.சி வெப்சைட்டை கிழமைக்கு ஒருக்காவாவது திறந்து பாருங்கோ. வட்ஸ்அப் குரூப்பில வாற ஸ்கிரீன்ஷொட்டை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், போன வருஷத்து நோட்டீஸை இந்த வருஷத்தது எண்டு நினைச்சு அனுப்புற ஆக்களும் இருக்கினம்.

இனி முக்கியமான இடம், வருமானம் காட்டுறது. இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்ல வேணும்.

அப்பாவோ அம்மாவோ அரச உத்தியோகம் எண்டா சம்பள விபரத்தை வேலைத்தலத்தில உறுதிப்படுத்தி எடுக்கிறது, அதில பெரிய சிக்கல் இல்ல. மற்ற எல்லாருக்கும், கடற்தொழில், வயல், மேசன், ஓட்டோ, சின்னக் கடை, தையல் எதுவா இருந்தாலும், உங்கட பிரிவு கிராம சேவகர் (ஜி.எஸ்) வருமானத்தை உறுதிப்படுத்தி, பிரதேச செயலாளர் மேலொப்பம் வைக்கிறதுதான் வழி. சம்பளத்துண்டு இல்லாட்டியும் வருமானம் காட்ட ஏலும், அதுக்குத்தான் ஜி.எஸ் இருக்கிறார்.

ஜி.எஸ்ஸிட்ட போகேக்க பெற்றோர் விடுற ஒரு பிழை இருக்கு. "மாசம் எவ்வளவு உழைக்கிறீங்கள்" எண்டு கேட்டா, நல்ல மாசத்துக் கணக்கைச் சொல்லிடுவினம், அதைப் பன்னிரண்டால பெருக்கி வருஷ வருமானம் எண்டு போயிடும். எங்கட கரையில வாடைக்காத்து காலத்தில எத்தனை நாள் கடலுக்குப் போக ஏலும்? தம்பலகாமத்தில வயல் செய்யிற ஆளுக்குக் காசு அறுவடைக்குத்தானே வருது, அதிலயும் உரம், கூலி, மெஷின் வாடகை எண்டு எவ்வளவு போகுது? அதால போறதுக்கு முன்னம் வீட்டில இருந்து ஒரு கொப்பியில வருஷக் கணக்கா எழுதுங்கோ, எந்த மாசம் தொழில் இருந்தது எந்த மாசம் இல்ல, கையில வந்தது எவ்வளவு செலவு போனது எவ்வளவு எண்டு. அதைக் காட்டி ஜி.எஸ்ஸோட கதையுங்கோ. குறைச்சுச் சொல்லச் சொல்லி நான் சொல்லேல்ல, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ எண்டுதான் சொல்லுறன். பொய் விபரம் குடுத்துப் பிடிபட்டா புலமைப்பரிசில் நிக்கும், எடுத்த காசையும் திருப்பிக் கேப்பினம். வெளிநாட்டில அம்மா வேலை செய்து அனுப்புற காசும் வருமானம்தான், மறைக்க வேண்டாம், அதோட அம்மா போனதுக்கு எடுத்த கடனை இன்னும் கட்டிக்கொண்டிருந்தா அதையும் சொல்லுங்கோ.

வருமானம் மட்டும் பார்க்கிறதில்ல. வீட்டில எத்தனை பேர் பள்ளிக்கூடம் போயினம், இன்னொரு ஆள் ஏற்கனவே கம்பஸில படிக்கிறாரா, வீட்டில இருந்து கம்பஸ் எவ்வளவு தூரம் எண்டதும் கணக்கில வரும். அதால தம்பி தங்கச்சியின்ர பள்ளிக்கூடத்தில அதிபரிட்ட கடிதம் எடுங்கோ, கம்பஸில படிக்கிற அக்கா அண்ணாவுக்கு அங்க இருந்து கடிதம் எடுங்கோ. வெருகல் பிள்ளை ருகுணு கம்பஸுக்குப் போறதும் நிலாவெளிப் பிள்ளை கோணேசபுரியில இருக்கிற திருகோணமலை வளாகத்துக்குப் போறதும் ஒரே செலவு இல்ல, ஆனா வீட்டில இருந்து போய்வாற பிள்ளையும் போடலாம், பக்கத்தில கிடைச்சது எண்டதுக்காக விட வேண்டாம்.

அப்பாவோ அம்மாவோ இல்லாத பிள்ளையள் மரணச் சான்றிதழ் பிரதி வச்சிருக்க வேணும். இங்க ஒரு விஷயம் தனியாச் சொல்ல வேணும். சம்பூர், மூதூர் பக்கம் 2006ல இடம்பெயர்ந்த குடும்பங்கள், அதுக்கு முதல் 1990ல ஓடின குடும்பங்கள், கன பேரின்ர பழைய பத்திரங்கள் அந்த நேரத்திலயே போயிட்டுது. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவு செய்திருந்தா பிரதேச செயலகத்தில புதுப் பிரதி எடுக்கலாம். ரிசல்ட் வரும் வரைக்கும் காத்திருக்காம, ஏ.எல் எழுதி முடிஞ்ச அந்த மாசங்களில, சும்மா நிக்கிற நேரத்தில இதைச் செய்து வையுங்கோ. காணாமல் போன அப்பாவின்ர பேரில பத்திரம் எடுக்கிறது எவ்வளவு வேதனை எண்டு தெரியும், எண்டாலும் அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் இந்தக் காசு முதல் போய்ச் சேர வேணும், அம்மாவைத் தனிய அனுப்பாம ஆராவது ஒரு படிச்ச ஆள் கூடப் போங்கோ.

பேர் ஒத்துவராத பிரச்சினையும் இப்பவே பாருங்கோ. பிறப்புச் சான்றிதழில ஒரு எழுத்து, அடையாள அட்டையில வேற எழுத்து, அப்பாவின்ர பேர் பேங்க் புக்கில இன்னொரு மாதிரி. ரெண்டும் ஒரே ஆள்தான் எண்டு சமாதான நீதவானிட்ட சத்தியக்கடதாசி முடிச்சு எடுத்து வச்சா கடைசி நேரத்தில ஓட வேண்டி வராது. பேங்க் எக்கவுண்ட் உங்கட சொந்தப் பேரில, நீங்களே பாவிக்கிறதா இருக்கட்டும், அப்பாவின்ர எக்கவுண்ட் நம்பரைக் குடுக்க வேண்டாம்.

எல்லாம் சரியாப் போட்டாலும் கம்பஸுக்குப் போன முதல் மாசமே காசு வராது. தெரிவு முடிஞ்சு, பேர்ப்பட்டியல் வந்து, முதல் தவணை கைக்கு வர மாசக்கணக்கில போகலாம். வாறபோது நிலுவையோட சேர்ந்து வாறதும் உண்டு. அதால முதல் சில மாசத்துக்கு வேற வழி பார்த்து வையுங்கோ, சீட்டுக்காசோ, மாமா சித்தப்பாட்ட கைமாத்தோ. வட்டிக்கு எடுக்க வேண்டாம், நகையை அடகு வைக்கிறது எண்டாலும் எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு மட்டும் வையுங்கோ.

கிடைச்ச பிறகு அதைத் தக்க வைக்கிறது உங்கட பொறுப்பு. லெக்சர் வரவு 80 வீதம் இருக்க வேணும். எக்ஸாமில ஃபெயில் ஆகி வருஷம் நிண்டாலும் தவணையில பிரச்சினை வரும். பகுதி நேர வேலை செய்யிற பிள்ளையள் இதைக் கட்டாயம் கவனியுங்கோ, ஒரு மாச உழைப்புக்காக லெக்சரை விட்டு வரவு குறைஞ்சு மகாபொல நிண்டா நட்டம் உங்களுக்குத்தான். வருத்தத்தால வராம விட்டா மெடிக்கலை அந்தந்த நேரமே குடுங்கோ.

சரி, அரச கம்பஸ் கிடைக்கேல்ல எண்டா? மூண்டு பாடமும் பாஸ், ஆனா இசட் ஸ்கோர் காணாது எண்ட பிள்ளையளுக்கு 2017ல தொடங்கின வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் இருக்கு. அரசாங்கம் அங்கீகரிச்ச தனியார் நிறுவனங்களில, அந்தத் திட்டத்துக்குள்ள வாற டிகிரிக்கு, கோர்ஸ் ஃபீஸை பேங்க் கட்டும், வட்டியை அரசாங்கம் கட்டும், முதலை நீங்கள் டிகிரி முடிஞ்ச பிறகு மாசம் மாசமாக் கட்ட வேணும். தொடங்கேக்க கோர்ஸ் ஃபீஸுக்கு 8 லட்சம் வரைக்கும் எண்டு இருந்தது. அழைப்பு வரேக்க இப்பத்தைய தொகையையும், எந்த எந்த டிகிரி லிஸ்டில இருக்கு எண்டதையும் கல்வி, உயர்கல்வி அமைச்சின்ர அறிவித்தலில பாருங்கோ. ஒரு நிறுவனம் லிஸ்டில இருக்கு எண்டதுக்காக அங்க நடக்கிற எல்லாக் கோர்ஸும் லிஸ்டில இருக்கு எண்டு அர்த்தம் இல்ல.

இதில ரெண்டு விஷயம் யோசிச்சுச் செய்யுங்கோ. கோர்ஸ் ஃபீஸ் கடன் தொகையை விடக் கூட எண்டா மிச்சத்தை நீங்கள்தான் கட்ட வேணும். அதோட இந்த நிறுவனங்கள் பெரும்பாலும் கொழும்புப் பக்கம்தான், எஸ்.எல்.ஐ.ஐ.டி மாலபேயில, என்.எஸ்.பி.எம் ஹோமாகமயில, அங்க போடிங் எடுத்து நிக்கிற செலவைத் தனியா எழுதிப் பார்க்காம சைன் வைக்க வேண்டாம். படிப்பும் இங்கிலிஷில, அதுக்கு இப்பவே பழகத் தொடங்குங்கோ.

கடனே வேண்டாம் எண்டு நினைக்கிற ஆக்கள் எங்கட ஊரிலயே இருக்கிற உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தையும் பாருங்கோ, ஏ.டி.ஐ எண்டு சொல்லுறது. முழுநேர எச்.என்.டி எண்ட உயர் தேசிய டிப்ளோமாவுக்கு படிப்புக் கட்டணம் இல்ல, வீட்டில இருந்தே போகலாம். இதை ரெண்டாந்தரமாப் பார்க்கிற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இருக்கு, எனக்கு அது விளங்கிறதே இல்ல. எக்கவுண்டன்சி, ஐ.டி படிச்சு வெளியில வந்த பிள்ளையள் நல்லா வேலை செய்யினம்.

மார்க்ஸ் மிக நல்லா இருக்கிற ஆக்கள் இந்தியாவில படிக்கிறதுக்கான நேரு ஞாபகார்த்த புலமைப்பரிசிலுக்கும் போடலாம். கட்டணமும் மாசாந்தப் படியும் அதில வரும். தெரிவு கல்வி அமைச்சு ஊடாக நடக்குது, போட்டி கடுமைதான், எண்டாலும் யூ.ஜி.சிக்குப் போட்டபடியே இதுக்கும் போடலாம்.

யூ.ஜி.சி கைநூலைத் தமிழிலயே எடுக்கலாம். அதில கோர்ஸ் லிஸ்டை மட்டும் பார்த்து மூடாம, நிதியுதவி பற்றின பகுதியை அம்மா அப்பாவையும் பக்கத்தில இருத்தி ஒருக்கா சத்தமா வாசியுங்கோ. ஃபோர்மில ஒரு இடம் விளங்கேல்ல எண்டா வெறுமையா விடாம பள்ளிக்கூடத்தில ஏ.எல் சேரிட்டயோ, போன வருஷம் கம்பஸ் போன அக்கா அண்ணாட்டயோ கேளுங்கோ. குடுக்க முதல் எல்லாப் பக்கத்தையும் ஃபோனில படம் எடுத்து வையுங்கோ, ஒன்லைனில போட்டா ரெஃபரன்ஸ் நம்பரையும் எழுதி வையுங்கோ, லிஸ்டில பேர் இல்லாம அப்பீல் போடேக்க அதைத்தான் முதல் கேப்பினம்.