சாயங்காலம் கண் பிரஷர் நார்மல், ராத்திரி?

"போன மாசங்கூடப் பார்த்தேனுங்க அம்மிணி, நார்மலுன்னுதான் சொன்னாங்க. அப்புறம் எப்படிங்க பார்வை போச்சு?"

கண் டாக்டரான என் முன்னால் இந்த மாதத்தில் இந்தக் கேள்வியோடு உட்கார்ந்த மூன்றாவது ஆள் அவர். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். ராத்திரி எட்டு மணிக்குத் தறிக்குடோனுக்குள் போனால் காலை எட்டுக்குத்தான் வெளியே வருவார். கண் நீர் அழுத்த நோய் (குளுக்கோமா, பார்வை நரம்பு தேய்கிற நோய்) என்று வேறோர் இடத்தில் கண்டுபிடித்து, இரண்டு வருடமாகச் சொட்டு மருந்து விட்டுவருகிறார். மருந்தை நிறுத்தவில்லை, பரிசோதனையைத் தவறவிடவில்லை. ஷிப்டுக்குப் போகிற வழியில் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிரஷர் பார்த்துக்கொள்வார். நோட்டில் வரிசையாக 16, 17, 16, 18 என்று இருந்தது. யார் பார்த்தாலும் நிம்மதியாகிவிடுகிற எண்கள்.

ஆனால் பாவு இழை அறுந்து தொங்குவது கண்ணில் படாமல் துணி ஓடியிருக்கிறது. கீழே கிடந்த பீமில் (பாவு நூல் சுற்றுகிற உருளை) இரண்டு தடவை தடுக்கி விழுந்திருக்கிறார். டேமேஜ் என்று கூலியில் பிடித்தபிறகுதான் வீட்டுக்கார அக்கா வற்புறுத்திக் கூட்டிவந்தார். கண் எவ்வளவு அகலத்துக்குப் பார்க்கிறது என்று காட்டுகிற விஷுவல் ஃபீல்டு பரிசோதனை எடுத்துப் பார்த்தால் இரண்டு கண்ணிலும் பார்வை வட்டத்தின் கீழ்ப்பகுதி கறுத்துக் கிடந்தது. நேரே பார்த்தால் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை வாசிக்கிறார். அதனால்தான் இத்தனை நாள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது "நார்மல்" என்கிற அந்த ஒரு சொல்லால்தான். கண் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருந்தால் நார்மல் என்கிறோம். அது அந்த நிமிடத்துக் கணக்கு. கையளவு வெளிச்சத்தில், நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, சில விநாடிகள் கருவியைக் கண்ணில் தொட்டு எடுத்தது. வருடத்துக்கு நான்கு தடவை வருகிறவருக்கு நான்கு எண்கள். வருடத்தில் 8,760 மணி நேரம் இருக்கிறது. மிச்ச நேரமெல்லாம் கண்ணுக்குள் என்ன நடந்தது என்று அந்த நான்கு எண்கள் சொல்லாது.

நோயில்லாத கண்ணிலேயே ஒரு நாளைக்குள் அழுத்தம் 3 முதல் 6 வரை ஏறி இறங்கும். இந்த நோய் உள்ள கண்ணில் அது 10-ஐயும் தாண்டலாம். படுத்தால் ஏறும். நிறையப் பேருக்கு உச்சம் வருவது தூக்கத்திலும் விடியற்காலையிலும். நாங்கள் ஓ.பி. திறந்து அளக்கத் தொடங்கும்போது அது இறங்கிவிட்டிருக்கும்.

அந்த அண்ணனிடம் தறிக்கணக்கிலேயே கேட்டேன். "மத்தியானம் மீட்டர்ல வோல்டேஜ் சரியா இருக்குது. அதுக்காக ராத்திரி மோட்டார் காயில் கருகாதுங்களா?" சட்டென்று பிடிபட்டுவிட்டது. "அதெப்படிங்க, ராத்திரிலதான ஏறியெறங்கும்" என்றார்.

அடுத்த வாரம் ஷிப்ட் முடிந்ததும் நேரே வரச்சொன்னேன். காலை எட்டரைக்கு உட்காரவைத்து அளந்தபோது 18. எங்கள் வார்டிலேயே ஒரு கட்டிலில் தூங்கவிட்டோம். படுத்தவாக்கிலேயே அளக்கிற பெர்கின்ஸ் கைக்கருவி இருக்கிறது. பதினோரு மணிக்கு 26. ஒரு மணிக்கு 28. அவருக்கு ராத்திரி என்பது பகல் பதினோரு மணி. அந்த நேரத்தில் இரண்டு வருடமாக யாரும் அளந்ததில்லை. அவர் விட்டுக்கொண்டிருந்தது டிமோலால் என்கிற சொட்டு மட்டும். விழித்திருக்கும்போது நன்றாகக் கேட்கும், தூக்கத்தில் அதற்குப் பலம் குறைவு. (ஆஸ்துமா, இழுப்பு உள்ளவர்கள் டிமோலால் விடுவதற்குமுன் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணில் விடுகிற சொட்டு மூச்சைப் பாதிக்குமா என்று கேட்காதீர்கள், பாதிக்கும்.) இரவு பகல் இரண்டிலும் வேலை செய்கிற புரோஸ்டகிளாண்டின் வகை மருந்தைச் சேர்த்தோம். போன தடவை படுத்தபடி அளந்ததில் 19. போன பார்வை போனதுதான், அது திரும்பாது. மீதி இருப்பதைத்தான் காப்பாற்றுகிறோம். 1 மில்லிமீட்டர் குறைந்தாலும் நோய் முற்றும் அபாயம் ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது என்று சுவீடனில் பல வருடம் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. அதனால் 28 என்பது எனக்குச் சின்ன எண் இல்லை.

நாள் முழுக்க அளக்க இப்போது வழிகள் வந்துவிட்டன. 'ஐகேர் ஹோம்' என்கிற பின்லாந்துக் கருவியை நோயாளியே வீட்டில் வைத்து அளந்துகொள்ளலாம், மரக்கச்செய்யும் சொட்டு தேவையில்லை. 'டிரிக்கர்ஃபிஷ்' என்று சுவிட்சர்லாந்தில் செய்த ஒரு கான்டாக்ட் லென்ஸ் இருக்கிறது, 2016-ல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. கண்ணில் போட்டுக்கொண்டு தூங்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் 30 விநாடி, கருவிழி ஓரத்தின் விரிவைப் பதிவு செய்யும். 24 மணி நேரத்தில் 288 பதிவுகள். புரை ஆபரேஷனின்போதே கண்ணுக்குள் வைத்துவிடுகிற சென்சாரும் ஐரோப்பாவில் வந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டுப் பெங்களூரில் வேலை பார்க்கிற மகன்கள் போன் செய்கிறார்கள். "டாக்டர், அந்த லென்ஸ் வர்ற வரைக்கும் அப்பாவுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாமே?" தயவுசெய்து இப்படிக் காத்திருக்காதீர்கள். அந்த லென்ஸ் அழுத்தத்தை மில்லிமீட்டர் கணக்கில் சொல்லாது. எந்த நேரத்தில் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்கிற போக்கைத்தான் காட்டும். அது ஆராய்ச்சிக்கும் சிக்கலான நோயாளிகளுக்கும் பெரிய உதவி. என்னிடம் அது இல்லை. என்னிடம் இருப்பது ஒரு கட்டில், ஒரு பெர்கின்ஸ், மூன்று மணிக்கொரு தடவை வந்து அளக்கிற ஒரு சிஸ்டர். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு நாள் கொடுத்தால் உங்கள் கண்ணின் வரைபடம் ஓரளவு கைக்கு வந்துவிடும்.

அந்த வரைபடத்தையும் நீங்களே கெடுத்துவிடாதீர்கள். செக்கப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது மட்டும் ஒழுங்காகச் சொட்டு விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எண் அழகாக வரும், நரம்பு தேய்ந்துகொண்டிருக்கும். "மருந்து விடாம வந்தாத்தானுங்க உண்மையான பிரஷர் தெரியும்" என்று அன்றைக்குப் பார்த்து நிறுத்திவிட்டு வருகிறவர்களும் உண்டு. எனக்கு வேண்டியது மருந்தோடு இருக்கிற பிரஷர். ஒரு நோட்டில் எந்தச் சொட்டு, எத்தனை மணிக்கு, எந்த நாள் விட்டுப்போனது என்று எழுதி வாருங்கள். விட்டுப்போனதற்கு நான் திட்டமாட்டேன். மறைத்தால் திட்டுவேன்.

இன்னொன்று. கையில் பட்டை கட்டி அளக்கிற பிரஷர் வேறு, இது வேறு. பி.பி. மாத்திரை போடுவதால் கண் பிரஷர் அடங்கிவிடாது. பஞ்சுத்தூசி பட்டு அரிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விடுகிற ஸ்டீராய்டு சொட்டு, கண் பிரஷரைச் சில வாரங்களிலேயே ஏற்றிவிடும். குழந்தைகளுக்கு அதை விடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். யோகா வகுப்புக்குப் போகிறவர்கள் இந்த நோய் இருந்தால் சிரசாசனம் செய்யக்கூடாது. தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள். அந்த லேசரில் கருவிழி மெலிந்துவிடும், மெலிந்திருந்தால் கருவி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும்.

21-க்குள் இருந்தால் நோயே இல்லை என்றும் சொல்லமுடியாது. அழுத்தம் ஏறாமலே நரம்பு தேய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் 40 வயதானவர்கள், அதிலும் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் யாருக்காவது இந்த நோய் இருந்தால், பிரஷரோடு நிறுத்திக்கொள்ளாமல் கண் நரம்பையும் பார்க்கச்சொல்லிக் கேளுங்கள். அந்த அண்ணனின் தம்பியையும் வரச்சொல்லியிருக்கிறேன். அவருக்கும் ராத்திரி ஷிப்ட்தான், இன்னும் வரவில்லை.

தறிக்கோ பனியன் கம்பெனிக்கோ ராத்திரி ஷிப்ட் போகிறவர்களுக்குச் சாயங்காலம் வருவதுதான் தோது என்று எனக்குத் தெரியும். வருடத்தில் ஒரு நாள் மட்டும் ஷிப்ட் முடிந்த கையோடு, வீட்டுக்குப் போகாமல் வாருங்கள். தலையணை வேண்டுமானால் கொண்டுவரலாம். எட்டரைக்கு நான் வார்டில் இருப்பேன்.