மூன்று வாரப் பட்டினி

தொட்டியில் மஞ்சள் மீன் ஒன்று இரண்டு நாளாக இரை எடுக்கவில்லை. தொண்டை புடைத்திருக்கிறது, எதையோ மெல்வதுபோல வாயை அசைத்துக்கொண்டே இருக்கிறது. புதிதாக மீன் வளர்ப்பவர் நோய் என்று பயந்து மருந்து வாங்க ஓடுவார். ஓட வேண்டாம். வாய் நிறைய முட்டை, அவ்வளவுதான்.

அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி. அங்கே கரையோரப் பாறைகளில் வாழும் சிக்லிட் மீன்களுக்கு ம்பூனா என்று பெயர். ஆண், பாறையில் ஓர் இடத்தைப் பிடித்துக் காவல் காக்கும். பெண் வந்ததும் இரண்டும் தலைக்கு வாலாக வட்டமடிக்கும். பெண் ஒன்றிரண்டு முட்டை இட்டு, சட்டென்று திரும்பி வாயில் அள்ளிக்கொள்ளும். விந்து படும் முன்பே அள்ளிவிட்டால் கரு எப்படி உண்டாகும்? ஆணின் அடித்துடுப்பில் முட்டையைப் போலவே மஞ்சள் புள்ளிகள் இருக்கின்றன. விட்டுப்போன முட்டை என்று பெண் அதைக் கொத்தப் போகும்போது, ஆண் விடும் விந்து அதன் வாய்க்குள் போய்விடும். 1962-ல் விலங்கு நடத்தை ஆய்வாளர் வொல்ஃப்காங் விக்லர் தந்த விளக்கம் இது. எல்லா இனத்துக்கும் பொருந்தாது என்று பின்னால் தெரிந்தது; ஓர் இனத்தில் அந்தப் புள்ளிகள் மற்ற ஆண்களை மிரட்டவே உதவுகின்றன.

அப்புறம் ஏறக்குறைய மூன்று வாரம் தாய்க்குப் பட்டினி. அந்த மெல்லும் அசைவு, முட்டைகளைப் புரட்டிப் புரட்டி ஆக்சிஜன் படச் செய்வது. ஆப்பிரிக்காவிலிருந்து நம் குளங்களுக்கு வந்த ஜிலேபி மீனும் இப்படித்தான் அடைகாக்கிறது.

ஏரியில் சண்டையில் தோற்ற மீன் ஓடித் தப்பும். தொட்டியில் எங்கே ஓடுவது? அதனால்தான் ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண், ஒளிய நிறையக் கல் என்று வைக்கிறார்கள். தண்ணீர் கவலை குறைவு: பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடும் போர் தண்ணீர் இவற்றுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

கூடவே புள்ளி போட்ட குயில் கெளுத்தியை விடுபவர்கள்தான் யோசிக்க வேண்டும். அது ஆப்பிரிக்காவின் இன்னோர் ஏரியான தாங்கனிக்காக்காரன். சிக்லிட் முட்டையிடும் நேரத்தில் நடுவே புகுந்து தன் முட்டைகளையும் தூவிவிடும். அவசரத்தில் தாய் அவற்றையும் அள்ளிக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சு முதலில் பொரிந்து, வாய்க்குள்ளேயே மற்றக் குஞ்சுகளைத் தின்று வளரும். தாங்கனிக்கா சிக்லிட்கள் இந்தத் திருட்டைக் காலங்காலமாகப் பார்த்தவை. ஓரளவு உஷாராக இருக்கும். மலாவி மீனோ கெளுத்தியை முதன்முதலாகச் சந்திப்பதே தொட்டியில்தான். பட்டினி கிடந்து வாயைத் திறந்தால், மீசையோடு வெளியே வரும்.