கியர் ஆயில் வாங்கும்போது டின்னில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் போன தை மாதம் என் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தார். முன்சக்கரத்தில் இழுக்கும் சின்னக் கார், எழுபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. "காலைல எடுத்தா ரெண்டாவது கியர் விழவே மாட்டேங்குது தம்பி, கரகரன்னு கத்திட்டுத்தான் விழுது. பத்து கிலோமீட்டர் ஓடினா கொஞ்சம் பரவாயில்ல" என்றார். முதலில் கிளட்ச்சைத்தான் பார்த்தேன், ஏனென்றால் கியர் விழ மறுக்கிற வண்டிகளில் பாதிக்குக் காரணம் கிளட்ச் முழுசாக விடாததுதான். இவருடையது சுத்தமாக விட்டது. "கியர் ஆயில் எப்ப மாத்தினீங்க சார்?" என்று கேட்டேன். போன வருஷம், வேறொரு இடத்தில். "இருக்கறதுலயே நல்லதா ஊத்தச் சொன்னேன் தம்பி. ஜிஎல்-5 போட்டாங்க. 4-ஐ விட அது உசத்தின்னாங்க" என்று சொல்லிவிட்டு டிக்கியைத் திறந்து காலி டின்னை எடுத்துக் காட்டினார். 85டபிள்யூ-140, ஜிஎல்-5. வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டினோம். 75டபிள்யூ-80, ஜிஎல்-4 என்று தெளிவாக அச்சடித்திருந்தது.

அந்த மனிதர் காசு மிச்சம் பிடிக்கவில்லை, அலட்சியமாகவும் இருக்கவில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் அதிகம் கொடுத்தார். இந்த மாதிரி வருகிற வண்டிகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜிஎல் என்பதற்குப் பக்கத்தில் இருக்கும் எண் மார்க் இல்லை. 4 வாங்கியவனை விட 5 வாங்கியவன் கெட்டிக்காரன் என்கிற கணக்கு இங்கே செல்லாது. ஏபிஐ என்னும் அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம் வகுத்த பிரிவுகள் இவை, எந்த ஆயில் எந்த மாதிரி பல்சக்கரத்துக்கு என்று பிரித்துச் சொல்வதற்காக. ஜிஎல்-5 முக்கியமாக கிரவுன், பினியன் என்னும் பல்சக்கர ஜோடிக்கு உள்ளது. பின்சக்கரத்தில் ஓடும் வண்டியில், பின் ஆக்சிலுக்கு நடுவில் குண்டாக இருக்குமே, அதற்குள் பினியன் கிரவுனின் மையத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் கீழே இறங்கிக் கடிக்கும். ஹைபாய்ட் என்று இதைத்தான் சொல்கிறோம். அங்கே பல்லும் பல்லும் உருள்வதோடு நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று பலமாக உரசிக்கொண்டே வழுக்கும். வெறும் ஆயில் படலம் அந்த அழுத்தத்தைத் தாங்காது, கிழிந்துவிடும். அதனால் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்துகளைச் சேர்க்கிறார்கள். பல்லின் முனை சூடாகும்போது இவை இரும்போடு வினைபுரிந்து மேலே ஒரு தோல் போலப் படியும். டின்னைத் திறந்ததும் அழுகிய முட்டை மாதிரி ஒரு வாடை வருகிறதே, அது இந்தக் கந்தகத்தின் வாடைதான். ஜிஎல்-4-ஐ விட ஜிஎல்-5-இல் இந்த மருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கியர் பாக்ஸுக்குள் கதை வேறு. ஒரு பழைய சிங்க்ரோ ரிங்கை எப்போதும் மேஜையில் வைத்திருக்கிறேன், கேட்கிறவர்கள் கையில் கொடுப்பதற்காகவே. வளையல் அளவுக்கு இருக்கும், பித்தளை, வெளிப்பக்கம் சின்னச் சின்னப் பல். உள்பக்கத்தை நகத்தால் வருடிப் பார்த்தால் நூல் நூலாக மெல்லிய மரை தட்டும். ரிங்கின் உயிரே அந்த மரையில்தான் இருக்கிறது. நீங்கள் இரண்டாவது கியருக்குத் தள்ளும்போது இந்த ரிங், கியரின் பக்கவாட்டில் இருக்கும் கூம்பில் போய் அழுந்துகிறது. நடுவில் இருக்கும் ஆயிலை அந்த மரை வழித்து ஒதுக்கிவிட, ரிங் கூம்பைக் கவ்விப் பிடிக்கிறது. வேறு வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்த பிறகுதான் பல் சத்தமில்லாமல் உள்ளே போகிறது. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிகிறது.

ஆக, கியர் பாக்ஸ் ஆயிலுக்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வேலை. பல்லுக்கு வழுக்க வேண்டும், ரிங்குக்குப் பிடி கொடுக்க வேண்டும். ஜிஎல்-5 முதல் வேலையை மிக நன்றாகச் செய்யும், இரண்டாவதில் கைவிட்டுவிடும். ரிங் பிடிக்காமல் வழுக்கினால் வேகம் சமமாவதற்குள் பல் மோதும், நீங்கள் கேட்பது அந்தக் கரகர. இது போதாதென்று சூட்டில் அந்தக் கந்தகம் பித்தளை, செம்பு போன்ற மஞ்சள் உலோகங்களைச் சிறுகச் சிறுக அரிக்கும். ஆயில் தயாரிப்பவர்கள் இதற்கென்றே ஒரு சோதனை செய்கிறார்கள். பளபளப்பாகத் தேய்த்த செம்புத் தகட்டை 121 டிகிரி சூட்டில் 3 மணி நேரம் ஆயிலில் ஊறவைத்து, எவ்வளவு கறுத்தது என்று பார்ப்பார்கள். இப்போது வரும் சில ஜிஎல்-5 ஆயில்கள் இதில் முன்பை விட எவ்வளவோ தேவலை, அதை மறுக்கவில்லை. ஆனாலும் பிடி விஷயம் அப்படியேதான் இருக்கிறது.

அதற்காக ஜிஎல்-5 எந்த கியர் பாக்ஸுக்குமே ஆகாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சுபாரு போன்ற வண்டிகளில் ஹைபாய்ட் கியரும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன, அதனால் கம்பெனியே ஜிஎல்-5 ஊற்றச் சொல்கிறது, சிங்க்ரோவையும் அதற்குத் தகுந்தாற்போல் செய்திருக்கிறார்கள். ஹோண்டாவுக்கு எம்டிஎஃப் என்று தனி ஆயிலே உண்டு. மேனுவல் கியர் பாக்ஸுக்கு ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றச் சொல்லும் வண்டிகளும் உலகத்தில் இருக்கின்றன. எனவே என் பேச்சையோ பக்கத்து வீட்டுக்காரர் பேச்சையோ விட, உங்கள் கையேட்டில் கடைசிப் பக்கங்களில் ஒரு அட்டவணை இருக்கும் பாருங்கள், அதை நம்புங்கள். கையேடு தொலைந்துவிட்டதென்றால் கம்பெனி இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும்.

பின்சக்கர வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பொலிரோ, ஈகோ மாதிரி வண்டிகளில் கியர் பாக்ஸுக்கு ஒரு துவாரம், கிரவுனுக்கு ஒரு துவாரம், இரண்டும் வேறு வேறு. "கியர் ஆயில் கிரவுன் ஆயில் ரெண்டும் மாத்திடுங்க" என்று சொன்னால் ஒரே கேனிலிருந்து இரண்டிலும் ஊற்றிவிடும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. கையேட்டில் இரண்டுக்கும் ஒரே ஆயில் போட்டிருந்தால் சரி, வேறு வேறு போட்டிருந்தால் இரண்டு டின் வாங்கிக்கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஏஎம்டி வண்டிகளிலும், அதாவது கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டிகளிலும், குழப்பம் வருகிறது. 2014-இல் செலேரியோவில் வந்ததிலிருந்து ஊரெல்லாம் ஏஎம்டி ஆகிவிட்டது. கிளட்ச் பெடல் இல்லாததால் ஆட்டோமேட்டிக் என்று நினைத்து ஏடிஎஃப் என்னும் ஆட்டோமேட்டிக் ஆயிலை வாங்கிவந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர் பாக்ஸ், அதே சிங்க்ரோ ரிங். உங்கள் காலும் கையும் செய்ததை ஒரு கருவி செய்கிறது, அவ்வளவுதான். அந்தக் கருவிக்கான ஆயில் தனி, அதைக் கியர் பாக்ஸில் ஊற்றக் கூடாது.

அப்புறம் இந்த 80, 90, 140. இது ஆயிலின் கனம், அதாவது எவ்வளவு கெட்டி என்பது. "இன்ஜினுக்கே 40 போடுறோம், கியருக்கு 90-ன்னா ரெண்டு மடங்கு கெட்டிதானே?" என்று கேட்பார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். 100 டிகிரி சூட்டில் அளந்து பார்த்தால் 90 கியர் ஆயிலின் கனம், 40 அல்லது 50 இன்ஜின் ஆயிலின் கனத்துக்குப் பக்கத்தில்தான் வரும். 140 என்பது உண்மையிலேயே கெட்டி. 80 இருக்க வேண்டிய இடத்தில் 140 ஊற்றினால், குளிர்ந்த கியர் பாக்ஸில் அந்த மரையால் ஆயிலை வழிக்க முடியாது. ஆசிரியர் வண்டி காலையில் மட்டும் அவ்வளவு அடம்பிடித்ததற்குப் பாதிக் காரணம் இது. நம் வெயிலுக்குக் கெட்டியாக ஊற்றினால் நல்லது என்று சொல்பவர்களிடம், இந்த வெயிலில் ஓடப்போகும் வண்டி என்று தெரிந்துதான் கம்பெனி கையேடு எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஆயிலோடு சேர்த்து ஊற்றச் சொல்லி விற்கும் சின்ன பாட்டில் மருந்துகள் வேண்டவே வேண்டாம். வழுக்கலைக் கூட்டும் எதுவும் சிங்க்ரோவுக்கு எதிரி. பீப்பாயிலிருந்து லிட்டர் கணக்கில் பிடித்துத் தரும் உதிரி ஆயிலையும் தவிர்த்துவிடுங்கள், அதில் ஜிஎல் எத்தனை என்று விற்பவருக்கே தெரியாது.

எப்போது மாற்றுவது? கையேட்டில் இருக்கும் கணக்குதான் முதல். ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சொல்லப்படும் வண்டிகளுக்கும் ஐம்பதாயிரத்தில் ஒருமுறை இறக்கிப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கிலோமீட்டர் கணக்கே கிடையாது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு இன்ஜினை மட்டும் பார்த்துவிட்டு கியர் பாக்ஸை மறந்தவர்கள் நிறைய. பாக்ஸின் மேலே பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழாய் உண்டு. சூடாக ஓடிய வண்டி திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த மாதிரி வண்டிகளில் பிளக்கைக் கழற்றியதும் பால் கலந்த டீ மாதிரி இறங்கியிருக்கிறது. அதை விட்டுவைத்தால் பேரிங் துருப்பிடிக்கும்.

நீங்களே மாற்றுவதாக இருந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் இறக்கும் பிளக்கில் கைவையுங்கள். ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டு, மேல் பிளக் துருவேறிக் கழலாமல் தலை மழுங்கிப்போனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இறக்கும் பிளக்கில் காந்தம் இருக்கும் வண்டிகளில் அதன்மேல் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், அது சாதாரணத் தேய்மானம். விரலுக்குத் தட்டுப்படும் துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கலாம், உடனே காட்டுங்கள். இறங்கிய ஆயிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தங்கப்பொடி தூவியது மாதிரி மின்னினால் அது சிங்க்ரோ ரிங்கின் பித்தளை.

ஆசிரியர் வண்டியின் ஆயில் மின்னியது. அவரையே குனிந்து பார்க்கச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவில்லை. கையேட்டில் இருந்ததையே ஊற்றி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து வந்தார். மூன்றாவது, நான்காவது கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறதாம். இரண்டாவது பரவாயில்லை, ஆனால் அவசரமாகத் தள்ளினால் இன்னும் லேசாகக் கத்துகிறது. அந்த ரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான், எந்த ஆயிலும் அதை வளர்த்துத் தராது. பாக்ஸை இறக்கிப் பிரித்தால்தான் மாற்ற முடியும், அந்தச் செலவை இப்போது வேண்டாம் என்று சொல்லி, நிதானமாகத் தள்ளி ஓட்டச் சொல்லியிருக்கிறேன். அவர் டிக்கியில் இப்போது புது டின் இருக்கிறது, அதன்மேல் தேதியும் கிலோமீட்டரும் மார்க்கரில் எழுதியிருக்கிறோம், அடுத்த முறை வண்டி யார் கைக்குப் போனாலும் அதைக் காட்டுவதற்காக.