"எத்தனை மரம் நடணும், மேடம்?"

மறுபடியும் அதே கேள்வி. ஒரு சர்வதேசப் போட்டியின் ஏற்பாட்டுக் குழுவிலிருந்து போன வாரம் பேசினார்கள். போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. மைதானம் முடிவாகிவிட்டது, ஹோட்டல்கள் பதிவாகிவிட்டன, ஜெனரேட்டர் டெண்டர் கொடுத்தாயிற்று, சாப்பாட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, ஃப்ளெக்ஸ் அச்சாகிக்கொண்டிருக்கிறது. "இதைப் பசுமைப் போட்டின்னு அறிவிக்கப்போறோம். எத்தனை மரம் நட்டா கணக்கு சரியா வரும்?"

நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சமையல்காரரைக் கூப்பிட்டு உப்பு எவ்வளவு போடலாம் என்று கேட்கிற கதை இது. விளையாட்டு நிகழ்ச்சிகளுக்குச் சுற்றுச்சூழல் திட்டம் போடுவதுதான் என் தொழில். இந்தக் கேள்வியை இனி ஒருமுறைகூடக் கேட்கக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். 2030 காமன்வெல்த் போட்டி ஆமதாபாத்துக்கு வந்துவிட்டது. 2036 ஒலிம்பிக்ஸையும் இந்தியா கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த அளவிலும் இப்படியே தொடங்கினோம் என்றால் தாங்காது.

முதலில் மரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2023 ஐபிஎல் பிளேஆஃப் நினைவிருக்கும். ரன் வராத ஒவ்வொரு பந்துக்கும், அதாவது டாட் பாலுக்கும், 500 மரக்கன்று என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. ஸ்கோர் பட்டையில் புள்ளிக்குப் பதில் குட்டி மரம் வந்தது. சேப்பாக்கத்தில் சென்னையும் குஜராத்தும் ஆடிய ஆட்டத்தில் மட்டும் 84 டாட் பால், அதாவது 42,000 கன்று. மரம் நடுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நடுங்கள், நிறைய நடுங்கள். ஆனால் போட்டியில் கிளம்பும் புகையை மரம் துடைத்துவிடும் என்ற நினைப்பு அதன்பிறகு எல்லோர் மனதிலும் ஊறிவிட்டது. என் எரிச்சல் அதில்தான்.

நன்றாக வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கார்பன் டை ஆக்சைடை இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனம், மண், மழையைப் பொறுத்து இது கூடும், குறையும். முழங்கால் உயரக் கன்று அதில் மிகச் சிறு பங்குதான் இழுக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ், பாராலிம்பிக்ஸ் இரண்டுக்கும் சேர்த்து ஏற்பாட்டுக் குழு வெளியிட்ட உமிழ்வுக் கணக்கு, அதாவது போட்டியால் காற்றில் கலந்த கார்பன் கணக்கு, 15.9 லட்சம் டன். வகுத்துப் பாருங்கள். எட்டுக் கோடி வளர்ந்த மரங்கள் ஒரு முழு ஆண்டு உழைத்தால்தான் அது ஈடாகும். அதுவும், 2012 லண்டன், 2016 ரியோ ஒலிம்பிக்ஸ் போட்டிகளின் சராசரியில் பாதிக்கும் கீழே குறைத்துக் காட்டிய போட்டி அது.

கன்று பிழைக்குமா என்பது அடுத்தது. நட்ட அன்றைக்குப் படம் எடுத்து எண்ணிக்கை சொல்கிறோம். மூன்றாவது கோடையில் போய் எண்ணியவர்கள் யார்? தண்ணீர் லாரிக்கு அந்த ஆண்டு யார் பணம் கொடுத்தார்கள்? சாலை அகலப்படுத்த ஜேசிபி வந்தபோது யார் குறுக்கே நின்றார்கள்? ஜெனரேட்டரின் டீசல் புகை இன்று ராத்திரியே காற்றில் கலந்துவிடுகிறது. மரம் அதை இழுக்க இருபது, முப்பது ஆண்டு ஆகும். இடையில் வெட்டினாலோ எரிந்தாலோ இழுத்தது அத்தனையும் திரும்பிவிடும். அதனால்தான் சொல்கிறேன்: மரத்தை நிழலுக்காக, பறவைகளுக்காக, ஊருக்காக நடுங்கள். போட்டியின் உமிழ்வுக் கணக்கில் கழிக்காதீர்கள்.

கார்பன் கிரெடிட், அதாவது வேறு எங்கோ யாரோ குறைத்த உமிழ்வைக் காசு கொடுத்து வாங்கி நம் கணக்கில் கழிப்பதும் பெரும்பாலும் இதே சங்கதிதான். 2022 கத்தார் உலகக் கோப்பைக்கு முன்கூட்டியே போட்ட மதிப்பீடு சுமார் 36 லட்சம் டன். உமிழ்வு முழுவதையும் ஈடுகட்டிய "கார்பன் நடுநிலைப் போட்டி" என்று ஃபிஃபா விளம்பரம் செய்தது. அந்த விளம்பரத்துக்கு ஆதாரம் இல்லை, அது மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று 2023 ஜூனில் சுவிட்சர்லாந்தின் விளம்பர நெறிமுறை ஆணையம் சொல்லிவிட்டது. இத்தனை பணமும் ஆட்களும் உள்ள அமைப்பாலேயே நிரூபிக்க முடியாததை மூன்று வாரத்தில் நிரூபித்துத் தரச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள்.

உமிழ்வு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பெரும் பகுதி இரண்டே இடத்தில்: கட்டுவதில், வந்துபோவதில். பாரிஸில் 95 சதவீத அரங்குகள் ஏற்கெனவே இருந்தவை அல்லது போட்டி முடிந்ததும் கழற்றக்கூடியவை. அவர்களுடைய வெற்றியின் பெரும் பகுதி அந்த ஒரே முடிவில் அடங்கிவிட்டது, அதுவும் போட்டிக்குப் பல ஆண்டு முன்னால் எடுத்த முடிவு. அதன்பிறகும் மிஞ்சியதில் பாதிக்கு மேல் பயணம், பெரும்பாலும் பார்வையாளர்களுடையது.

இடத்தேர்வு இன்னும் முக்கியம். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் வீரர்கள் குடியிருப்பை யமுனையின் வெள்ளச் சமவெளியில் கட்டினார்கள். போட்டிக்கு மட்டும் என்று சொல்லி ஆற்றுப்படுகையில் ஒரு பெரிய பேருந்துப் பணிமனையும் வந்தது. போட்டி முடிந்து பல ஆண்டு ஆகியும் அது அங்கேயே இருந்தது. 2023 ஜூலையில் யமுனையின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 208.66 மீட்டரைத் தொட்டு ஊருக்குள் வந்தபோது எல்லோரும் மழையைத் திட்டினார்கள். ஆறு விரியும் இடத்தில் கான்கிரீட் போட்டால் ஆறு வேறு எங்கே போகும்?

2012 ஒலிம்பிக்ஸுக்கு லண்டன் நேர்மாறாகச் செய்தது. கிழக்கு லண்டனில் ஸ்ட்ராட்ஃபர்டு பக்கம் பழைய தொழிற்சாலைகளால் கெட்டுப்போன நிலத்தை எடுத்து, மண்ணைத் தோண்டிக் கழுவிச் சுத்தம் செய்து, அதில் 80 சதவீதத்துக்கு மேல் அங்கேயே திரும்பப் பயன்படுத்தினார்கள். கூடைப்பந்து அரங்கத்தைக் கழற்றி எடுக்கும்படி கட்டினார்கள். அங்கும் ஒரு குறை உண்டு. பிரதான ஸ்டேடியத்தைப் பிறகு யார் வைத்துக்கொள்வார்கள் என்பதை முன்னாலேயே உறுதி செய்யாததால், அதைக் கால்பந்துக்கு மாற்ற 30 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது.

ஆமதாபாத்தில் மொட்டேரா ஸ்டேடியமும், வாசல்வரை மெட்ரோவும், 2025-ல் திறந்த நாரன்புரா விளையாட்டு வளாகமும் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக எதைக் கட்டுவதற்கும் முன்னால் இவற்றில் எத்தனை விளையாட்டுகளை அடக்கலாம் என்று பாருங்கள். 2026 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியின் திட்டமே பத்து விளையாட்டு, நான்கு இடங்கள், எல்லாம் பழைய அரங்குகள் என்பதுதான். பக்கத்திலேயே சபர்மதி ஓடுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையில் நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்ட ஆற்றுப்பகுதியாக நம் கூவமும், அடுத்ததாக சபர்மதியும் இருந்தன. ஊருக்குள் கரையோரப் பூங்காவில் பளிச்சென்று தெரிவது நர்மதைக் கால்வாயிலிருந்து விடும் தண்ணீர். வாஸ்னா தடுப்பணைக்குக் கீழே போய்ப் பாருங்கள், சங்கதி புரியும். வீரர்கள் குடியிருப்பின் கழிவுநீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும், அங்கே இப்போதே கொள்ளளவு மிச்சம் இருக்கிறதா என்பதைக் கட்டட வரைபடத்தின்போதே எழுதிவிட வேண்டும்.

பயணத்துக்கு வழி எளிது: மேட்ச் டிக்கெட்டே பயணச்சீட்டாக இருக்கட்டும். ஜெர்மனியில் 2024 யூரோ கால்பந்து டிக்கெட்டோடு 36 மணி நேரம் உள்ளூர்ப் பேருந்து, ரயிலில் போகும் வசதி சேர்ந்தே வந்தது. பாரிஸில் இலவசப் பயணம் என்று முதலில் சொல்லிவிட்டுக் கைவிட்டார்கள். மெட்ரோ டிக்கெட்டை நான்கு யூரோவாகவும் ஏற்றினார்கள். இந்த விஷயத்தில் பாரிஸைப் பின்பற்றாதீர்கள்.

ஜெனரேட்டர் பற்றி எங்கள் தொழிலுக்கு வெளியே யாரும் பேசுவதில்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு வருகிறது. ஒளிபரப்பு வண்டிகள் நிற்கும் பகுதியில் ஈபி லைன் இருந்தாலும், கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில் ஜெனரேட்டரை நாள் முழுக்கக் குறைந்த லோடில் ஓட விடுகிறார்கள். தற்காலிக மின் இணைப்புக்கும் கூடுதல் டிரான்ஸ்ஃபார்மருக்கும் பல மாதம் முன்னால் விண்ணப்பித்தால் இதில் பெரும் பகுதி தேவையே இல்லை. மூன்று வாரம் இருக்கும்போது டீசலைத் தவிர வேறு வழி கிடையாது.

குப்பைக்கு வருகிறேன். உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை மூன்று வேலைநாள் முன்னால் உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையை அங்கேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. நடப்பது என்ன? மேட்ச் முடிந்து பச்சைத் தொட்டிப் பையை அவிழ்த்துப் பாருங்கள். பாதி தின்ற பிரியாணி, கரும்புச் சக்கைத் தட்டு, அதற்குள் பிளாஸ்டிக் ஸ்பூன், பாதித் தண்ணீரோடு பாட்டில், அடையாள அட்டை மாட்டும் கழுத்துப் பட்டை, கத்தரித்துப் போட்ட கேபிள் டை. அந்தப் பாட்டில் கவிழ்ந்து பக்கத்துப் பையின் காகிதம் முழுதும் ஊறிவிடும். பிறகு அதைப் பழைய பேப்பர்காரரும் எடுக்கமாட்டார். "மக்கும் கப்" என்று அதிக விலை கொடுத்து வாங்கியது ஏறக்குறைய 60 டிகிரி சூடு இருக்கும் உர ஆலையில்தான் மக்கும். குப்பைக் கிடங்கில் அதுவும் கிடக்கும். இதையெல்லாம் பிரிப்பவர்கள் நள்ளிரவுக்கு மேல், விளக்குக் கம்பங்களை அணைத்த பிறகு, செல்ஃபோன் வெளிச்சத்தில் வெறுங்கையால் பிரிக்கிறார்கள். நானே நின்று பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அவர்களுக்கு இரண்டு மணி நேரம் விளக்கு விடுங்கள், கையுறை கொடுங்கள், ஓவர்டைம் கொடுங்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கு: ஃப்ளெக்ஸிலும் கழுத்துப் பட்டையிலும் ஆண்டு, தேதி அச்சடிக்காதீர்கள், அடுத்த போட்டிக்கு உதவும். துணியில் அடித்தால் இன்னும் நல்லது. வாசலில் பாட்டிலைப் பிடுங்கினால் உள்ளே குடிநீர்க் குழாய் வையுங்கள், கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். சுற்றுச்சூழல் ஆளை டெண்டர் எழுதும் முன்னால் கூப்பிடுங்கள். உமிழ்வுக் கணக்கை முன்னாலும் பின்னாலும் வெளியிடுங்கள், கெட்ட எண்ணாக இருந்தாலும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: பாட்டிலைக் காலி செய்துவிட்டுத் தொட்டியில் போடுங்கள்.

ஆமதாபாத் வேலைக்கு இங்கிருந்தும் பொறியாளர்கள் போவீர்கள். முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்: "2031-ல் இந்தக் கட்டடத்துக்குக் கரண்ட் பில் கட்டப்போவது யார்?" பெயர் சொன்னால் மினிட்ஸில் எழுதி வாங்குங்கள். சொல்ல முடியாவிட்டால், கழற்றக்கூடியதாகக் கட்டச் சொல்லுங்கள்.