படிக்கத் திணறும் பிள்ளையின் மூளையில் என்ன நடக்கிறது?

வாயால் கேட்டால் பாடம் முழுவதையும் ஒப்பிக்கிற பிள்ளை, அதையே புத்தகத்தைப் பார்த்துப் படிக்கச் சொன்னால் இரண்டாவது வரியிலேயே திணறும். வீட்டில் 'சோம்பேறி' என்பார்கள், பள்ளியில் 'கவனம் பத்தாது' என்பார்கள். பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1896இல் இப்படியொரு 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். பார்வையில் குறையில்லை, கணக்கும் வருகிறது, எழுத்து மட்டும் பிடிபடவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் குறித்து வைத்திருக்கிறார். இன்று இதை டிஸ்லெக்சியா என்கிறோம்.

பேசுவதற்கு மூளை பிறவியிலேயே தயாராக இருக்கிறது. படிப்பு அப்படியில்லை. எழுத்து தோன்றிச் சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கென்று மூளையில் தனி இடம் உருவாக இந்தக் காலம் போதாது. அதனால் ஒவ்வொரு குழந்தையும் படிக்கப் பழகும்போது, முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காணும் பகுதியில், இடப்பக்கம் ஒரு சிறு துண்டு எழுத்துகளுக்காக ஒதுங்குகிறது. பிறகு அது பேச்சொலிகளைக் கையாளும் பகுதிகளோடு இணைய வேண்டும். டிஸ்லெக்சியா உள்ள பெரும்பாலோருக்குச் சிக்கல் இங்கேதான். 'பட்டம்' என்று காதில் விழும் சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய எழுத்தோடு சட்டென்று பொருத்துவது அவர்களுக்குச் சிரமம். பார்வைக்கும் அறிவுத்திறனுக்கும் இதில் பங்கில்லை.

சரி, தமிழில் இது எப்படித் தெரியும்? 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு, டிஸ்லெக்சியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில வாசகர்களை ஒப்பிட்டது. மூன்று தரப்பிலும் மூளையின் அதே பகுதிதான் மந்தமாக இயங்கியது. ஆனால் இத்தாலியர்கள் மற்றவர்களைவிடச் சரியாகப் படித்தார்கள், ஏனென்றால் இத்தாலியில் எழுதியபடியே படிக்கலாம். தமிழும் பெரும்பாலும் அந்த ரகம். ஆகவே நம் பிள்ளை தட்டுத்தடுமாறியாவது சரியாகப் படித்துவிடும். அதனால் குறை மறைந்துகொள்ளும். தமிழில் பிழையை எண்ணுவதைவிட வேகத்தைப் பார்ப்பதுதான் பயன் தரும் என்பது என் கருத்து.

தமிழுக்கே உரிய இடறல்களும் உண்டு. எழுத்துகள் 247. 'கெ', 'கே', 'கை' எழுதும்போது உயிர்க்குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் அது மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது.

குறை மறைந்துகொள்ளும் இன்னொரு வழி, மனப்பாடம். வகுப்பில் கேட்டதை வைத்தே சில பிள்ளைகள் பக்கத்தை 'வாசித்து'விடுவார்கள். 'மிடகு', 'தொபனி' என்று பொருளில்லாத சொற்களை எழுதிக் காட்டுங்கள். எழுத்துக்கூட்ட வருகிறதா என்பது தெரிந்துவிடும். ஐந்தாறு வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவது மட்டும் டிஸ்லெக்சியாவுக்கு அடையாளம் ஆகாது, அந்த வயதில் அது சகஜம். கண், காது பரிசோதனையை முதலில் முடித்துவிட வேண்டும்.

அப்புறம், நூறு முறை இம்போசிஷன் எழுத வைப்பதால் இது சரியாகாது. ஒலியில் தொடங்கி எழுத்துக்குப் போகும் முறையான பயிற்சி வேண்டும். சொல்லி, கேட்டு, விரலால் வரைந்து, தினமும் கொஞ்சமாக. வண்ண மூக்குக்கண்ணாடி குணமாக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. பயிற்சி நடக்கும் காலத்தில் பாட அறிவு பின்தங்காதபடி, பெரியவர்கள் பாடத்தை வாசித்துக் காட்டலாம்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. எட்டு வயதிலிருந்து சான்றிதழ் பெறலாம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. இவற்றைப் பள்ளி வழியாகத்தான் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே பத்தாம் வகுப்புத் தொடங்கியதுமே தலைமையாசிரியரைப் பார்த்துவிடுவது நல்லது.